துணி முடிந்த இடத்தில் வைத்த மேகம்

12 நவம்பர் 1961, ஞாயிறு

பைபிள் வகுப்புக்கு இன்று நாற்பத்தொரு பேர். பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் அம்மா முப்பத்தெட்டு என்று எழுதியிருக்கிறார். அவர் கண்ணாடியை மாற்றிக்கொள்வது நல்லது. ஆறு வருடத்துக்கு முன் நான் இந்த வகுப்பை எடுத்துக்கொண்டபோது ஒன்பது பேர். அதில் இரண்டு பேர் தூங்குவதற்கென்றே வருவார்கள். பிரேசர் டவுனில் ஒரு பெண் தானியேலையும் வெளிப்படுத்தலையும் எடுத்துச் சொல்லி இத்தனை பேரை உட்கார வைக்கிறாள் என்றால் அது நான்தான். என் நாட்குறிப்பில்கூட இதைச் சொல்லிக்கொள்ளக் கூடாதா?

இன்று நேபுகாத்நேச்சார் ராஜா கண்ட சொப்பனம். பொன் தலை, வெள்ளி மார்பு, வெண்கல வயிறு, இரும்புக் கால்கள், கடைசியில் இரும்பும் களிமண்ணும் ஒட்டாமல் கலந்த பாதம். ஒவ்வொன்றும் ஒரு ராஜ்யம். கை படாமல் பெயர்ந்து வரும் கல் அந்தப் பாதத்தில் மோதிச் சிலையை நொறுக்கும். அந்தக் கல்தான் மகிமையோடு திரும்பி வரும் ஆண்டவரின் ராஜ்யம். நாம் இப்போது சிலையில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று ஒருவர் கேட்டார். சுண்டு விரல் நகத்தில் என்றேன். சிரித்தார்கள். ஆனால் பாதிப் பேருக்குச் சிலையே மனதில் நிற்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. படம் வேண்டும்.

போதகரிடம் கேட்டேன். ஆலயத்தின் வடக்குச் சுவரில் இரண்டு சன்னலுக்கு நடுவே ஏழடி இடம் இருக்கிறது, தாராளமாக மாட்டுங்கள் என்றார்.

18 நவம்பர், சனி

காமர்ஷியல் தெருவில் ஏழடி காடாத்துணி வாங்கி வந்தேன். டென்சில் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டான், நான் அளந்தேன். என் தம்பிக்கு இருபத்தேழு வயது, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் பார்சல் கிளார்க். இன்னும் முனை பிடிக்கச் சொன்னால் பிடிக்கிறான். அம்மா போனபோது அவனுக்கு எட்டு வயது. வளர்த்தவள் நான். அதிலும் எனக்குப் பெருமைதான்.

பெண்ணும் நான் பார்த்ததே. கோமளம், மர்பி டவுன், பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சர். அதிகம் பேச மாட்டாள், ஆனால் பேசினால் அதில் விஷயம் இருக்கும். பிப்ரவரி ஏழாம் தேதி கல்யாணம்.

3 டிசம்பர், ஞாயிறு

இரண்டு வாரமாகச் சாயங்காலம் முழுக்கப் படம்தான். பதினான்கு வருடமாக மெஷின் தொழிற்சாலையின் ட்ராயிங் ஆபீசில் ட்ரேசராக இருக்கிறேன். மற்றவர்கள் பென்சிலில் போட்டதை நான் இந்தியன் இங்கில் நகல் எடுப்பேன். மிஸ் பெட்டி கை பட்ட படத்தைச் சரிபார்க்க வேண்டியதில்லை என்று சீஃப் ட்ராஃப்ட்ஸ்மேனே சொல்லியிருக்கிறார். அந்தக் கையால் ஆபீசுக்கு இல்லாமல் ஆண்டவருக்கென்று போடும் முதல் படம் இது.

இடது ஓரத்தில் தானியேலின் சிலை. பிறகு ஆண்டவர் பிறந்த முன்னணை. அங்கிருந்து வலதுபுறமாகச் சபையின் காலம், ஒரே நேர்கோடு. வெறும் கோடு எனக்குப் பிடிக்காது. நூறு வருடத்துக்கு இரண்டு அங்குலம் என்று புள்ளி வைத்தேன். 1948-இல் இஸ்ரவேலருக்குத் தேசம் கிடைத்ததே, அதற்கு ஒரு துளிர்த்த அத்திமரம். வலது ஓரத்தில் மேகம், அதன்மேல் சிங்காசனம். ரெண்டு ஓரத்திலும் நாலு நாலு அங்குலம் விளிம்பு விட்டேன். சிலைக்கும் மேகத்துக்கும் வேண்டிய இடம் போக நடுவில் கோட்டுக்கு மிஞ்சியது முப்பத்தொன்பதே கால் அங்குலம். அதற்குள் முடித்தேன்.

ஒரு பொருளின் நீளம் தாளுக்குள் அடங்காதபோது ஆபீசில் கோட்டின் நடுவே ஒரு நெளிசலைப் போட்டு வெட்டுவோம், பிரேக் லைன் என்று பெயர். போடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். கோவில் சுவரில் அசிங்கமாக இருக்கும், விட்டுவிட்டேன்.

சிங்காசனத்துக்கு வர்ணம் தீட்டும்போது அப்பா ஞாபகம். மிலிட்டரி மெஸ்ஸில் துரைமார் நாற்காலிக்குப் பின்னால் முப்பது வருடம் தட்டோடு நின்றவர். எஜமான் திரும்பி வந்து, விழித்திருந்த வேலைக்காரரை உட்காரச் சொல்லித் தானே பரிமாறுவார் என்ற உவமையை அவர் வாய்விட்டுப் படிக்கக் கேட்டிருக்கிறேன். முதல் தடவை மாட்டுத் தொழுவத்தில் வந்தவர் மறுபடியும் அப்படி வர மாட்டார். எல்லாக் கண்ணும் காண வருவார். நாற்காலிக்குப் பின்னால் நின்றவர்கள் அன்றைக்கு எங்கே இருப்பார்கள் என்று துரைமாரும் பார்க்கட்டும். இதை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. பாவமென்றால் பாவம்.

17 டிசம்பர், ஞாயிறு

மாட்டியாகிவிட்டது. ஆராதனை முடிந்தும் ஒருவரும் வெளியே போகவில்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். நான் பாட்டுப் புத்தகங்களை அடுக்குவதுபோல் அங்கேயே நின்றேன். எத்தனை தடவை அடுக்குவது?

29 டிசம்பர், வெள்ளி

ஆபீசில் அஷ்டகிரகப் பேச்சுதான். பிப்ரவரி மூன்று முதல் ஐந்து வரை மகர ராசியில் எட்டுக் கிரகம் கூடுகிறதாம், உலகம் அழியுமாம். அடுத்த மேசை பாகீரதி வீட்டில் ஒரு சீமந்தத்தையே தள்ளி வைத்துவிட்டார்கள். மல்லேஸ்வரத்தில் ஹோமப் பந்தல் போடுகிறார்களாம். கிரகத்துக்குப் பயந்து ஆண்டவர் வரமாட்டார் என்று நான் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு மையைத் தொட்டுக்கொண்டாள்.

10 ஜனவரி 1962, புதன்

எப்படி எழுதுவது?

இந்த வாரம் ஆலயத்தில் விசேஷக் கூட்டம். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிரசங்கியார் ஞானாபரணம் வந்திருக்கிறார். மெலிந்த மனிதர், இரண்டு கதர்ச் சட்டைக்கு மேல் சொந்தமில்லை, பேசினால் சுவர் அதிர்கிறது. நேற்று என் படத்தைப் பார்த்து யார் போட்டது என்று கேட்டார். இன்று பிரசங்கத்தின் நடுவில் இறங்கி வந்து, பையிலிருந்து அளவுகோலை எடுத்து, முன்னணையிலிருந்து மேகம்வரை கோட்டை அளந்தார். முப்பத்தொன்பதே கால் அங்குலம். இரண்டு அங்குலத்துக்கு நூறு வருடம். சபையையே கணக்குப் போடச் சொன்னார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டு.

அத்திமரத்துக்குக் கால் அங்குலம் தள்ளி மேகம். கிரகங்களைப் பார்த்து உலகமே நடுங்குகிற அதே வருடம். இந்தச் சகோதரி தேதி தெரிந்து போட்டாரோ தெரியாமல் போட்டாரோ, கோடு பேசுகிறது என்றார் பிரசங்கியார். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது.

எனக்குத் தெரியும். துணி அங்கே முடிந்தது, மேகம் அங்கே வந்தது. எழுந்து சொல்ல எத்தனை நேரம் ஆகும்? நான் தலையைக் குனிந்துகொண்டேன், அடக்கமானவர்கள் குனிவதுபோல். அது அடக்கமில்லை. இனித்தது.

11 ஜனவரி

ஒருவேளை கையை நடத்தியவர் வேறு ஒருவரோ? நான்தான் துணியை அளந்து வாங்கினேன். ஏன் ஏழடி? ஏன் எட்டடி இல்லை?

13 ஜனவரி, சனி

பிரசங்கியார் கோலார் தங்கவயலுக்குப் போய்விட்டார், அங்கேயும் கூட்டமாம். போகும்முன் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். போதகர் மட்டும் மெல்ல, அந்த நாளும் நேரமும் தேவதூதருக்கும் தெரியாது என்று ஆண்டவரே சொன்னதை ஞாபகப்படுத்தினார். வசனத்தை எனக்கா சொல்லித்தர வேண்டும்? தேதி நான் சொல்லவில்லை, ஸ்கேல் சொல்கிறது என்றேன். இப்போது எழுதிப் பார்த்தால் எவ்வளவு திமிராக இருக்கிறது. ஆனாலும் அடிக்கவில்லை.

14 ஜனவரி, ஞாயிறு

முதல் ஓலை வாசித்தார்கள். டென்சில், கோமளம் இரண்டு பேரின் பெயரும் ஊரும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை இருந்தால் சொல்லலாம் என்று சபையைப் பார்த்துக் கேட்டார் போதகர். மூன்று ஞாயிறு இப்படிக் கேட்ட பிறகுதான் கல்யாணம் நடத்துவார். டென்சில் சிரிக்கவே இல்லை. மாப்பிள்ளைக்கு வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

18 ஜனவரி, வியாழன்

வெட்கமில்லை. இரவுச் சாப்பாட்டின்போது கேட்டுவிட்டான். சாகும்வரை உன்னைக் காப்பாற்றுவேன் என்று ஏழாம் தேதி கோமளத்துக்கு வாக்குக் கொடுக்க வேண்டும், கிரகம் கூடி முடிகிற ஐந்தாம் தேதியே ஆண்டவர் வந்துவிட்டால் அந்த வாக்கு என்ன ஆகும், அவர் நாமத்தில் பொய் சொன்னது ஆகாதா என்றான். வராவிட்டால் என்றேன்.

"அக்கா, நீ போட்ட கோடுதானே அது? உன் கை எப்பயாவது தப்பியிருக்கா?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினேன். கல்யாணக் கவலையில் எல்லா ஆம்பிளைகளும் இப்படித்தான் உளறுவார்கள், வாரம் போனால் சரியாகிவிடும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

21 ஜனவரி, ஞாயிறு

இரண்டாம் ஓலை. தடை உண்டா என்று போதகர் கேட்டார். வழக்கமாக அந்த இடத்தில் யாராவது இருமுவார்கள். இன்று ஒருவன் எழுந்தான். மாப்பிள்ளையே எழுந்தான்.

"தடை இருக்கு ஐயா. நான்தான் மாப்பிள்ளை. எனக்குத்தான் தடை."

யாரோ சிரித்துவிட்டார்கள். கோமளத்தின் அப்பா பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார், ஏன் நின்றோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தார். கோமளம் தலையை அசைக்கவில்லை. டென்சில் கையை நீட்டி வடக்குச் சுவரைக் காட்டினான். எல்லோரும் பார்த்தார்கள். என் படம். என் மேகம்.

ஓலையை மடித்து வைத்துவிட்டார் போதகர். மூன்றாவது தடவை வாசிக்க வேண்டுமானால் தடை சொன்னவர்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும், பிப்ரவரி நாலாம் தேதி ஞாயிறுதான் கடைசி என்றார். அதுவும் தப்பினால் ஏழாம் தேதி கல்யாணம் இல்லை. ஓலையின் நடுவே மாப்பிள்ளையே வேண்டாமென்று நிறுத்திய பெண்ணை அப்புறம் யார் கேட்டு வருவார்கள்? அவளுக்கு இருபத்தாறு ஆகிறது. நான் தேடிப் பிடித்த பெண்.

22 ஜனவரி

ஆபீசில் ஒரு கியர் படத்தில் மை சிந்தினேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவை.

26 ஜனவரி, வெள்ளி

குடியரசு நாள், விடுமுறை. டென்சில் ஸ்டேஷனுக்குப் போயிருந்தான். கோமளம் வந்தாள், தனியாக, மர்பி டவுனிலிருந்து நடந்தே. அழ வந்திருக்கிறாள் என்று நினைத்துக் காபி போட எழுந்தேன். காபி வேண்டாம், ஒரு கேள்வி இருக்கிறது என்றாள்.

"அக்கா, நான் தெனமும் துணி வெட்றவ. ஞாயித்துக்கிழமை எல்லாரும் மேகத்தைப் பாத்தாங்க, நான் ஓரத்தைப் பாத்தேன். ரெண்டு பக்கமும் நாலு அங்குலம். அந்த மேகம் அளந்து வெச்சதா, துணிக்கு ஏத்த மாதிரி வெச்சதா?"

ஊர் முழுக்க அளவுகோல் வைத்து அளந்தார்களே, ஒருத்தருக்கும் விளிம்பு கண்ணில் படவில்லை. தையல் டீச்சருக்குப் பட்டது. எனக்குக் கோபம்தான் வந்தது முதலில். யாரைப் பார்த்து என்ன கேட்கிறாள் இவள் என்று. பிறகு வாய் தானாகவே சொன்னது: துணிக்கு ஏற்ற மாதிரி வைத்ததுதான்.

எதற்கு மறைத்தீர்கள் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் டென்சிலிடம் சொல்லுகிறேன், ஐந்தாம் தேதி போகட்டும், அவனே ஓடி வருவான் என்றேன். எழுந்து நின்றாள்.

"அஞ்சாந்தேதி கழிச்சு வந்தா எனக்கு வேணாம் அக்கா. ஆறாந்தேதி எல்லாருமே தைரியசாலிதான். அதுக்கு முந்தி வரணும், அவரா வரணும். நான் இப்படிச் சொன்னேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

வாக்கு வாங்கிக்கொண்டுதான் போனாள். அவள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நிமிர்வு! பெண் பார்க்கிற விஷயத்தில் என் கண் தப்பவில்லை. அவளிடம் பிடிபட்டு நின்றபோதும் அந்தப் பெருமை வந்தது, என்னத்தைச் சொல்ல.

27 ஜனவரி, சனி

டென்சிலிடம் வீட்டுக்குள் சொன்னால் போதாது. நாற்பத்தொரு பேர் என்று எண்ணி எழுதியவள் நான். இப்போது இருநூறு பேர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பேர் வேலையை விடுவதாகப் பேச்சு. போதகர் வீட்டுக்குப் போய், நாளை எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும் என்றேன். எதற்கென்று கேட்கவில்லை. அவருக்கு முதலிலிருந்தே தெரியுமோ?

28 ஜனவரி, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

ஆபீஸ் இரும்பு அளவுகோலையும் மைக்குப்பியையும் கொண்டுபோனேன். இரண்டாம் பாடம் வாசித்த பிறகு போதகர் கூப்பிட்டார். பெண்கள் அந்த இடத்தில் நின்று பேசி நான் பார்த்ததில்லை. அளவுகோலை முதலில் இடது விளிம்பில் வைத்தேன், நாலு அங்குலம். வலது விளிம்பில் வைத்தேன், நாலு அங்குலம்.

"இது காலத்தை அளந்து வெச்ச மேகம் இல்ல. துணி முடிஞ்ச இடத்துல வெச்ச மேகம். பிரசங்கியார் அளந்தப்பவே எனக்குத் தெரியும். நீங்க எல்லாரும் என்னைப் பாத்தது எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அதனால சொல்லல."

கடைசி வாக்கியத்தை வீட்டில் தயார் செய்யவில்லை. அதுவாக வந்தது. செயலாளர் அம்மா வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

பிறகு தூரிகையை மையில் தோய்த்து, கடைசிப் புள்ளிக்கும் மேகத்துக்கும் நடுவே கோட்டை வெட்டி இரண்டு நெளிசல் போட்டேன். எங்கள் ஆபீசில் நீளமான தண்டு ஒன்று தாளுக்குள் அடங்காவிட்டால் இப்படித்தான் வெட்டுவோம் என்று விளக்கினேன். தண்டு இல்லை என்று அர்த்தமில்லை. நீளம் இந்தத் தாளில் இல்லை என்றுதான் அர்த்தம். மேகத்தை நான் அழிக்கப் போவதில்லை. அவர் வருகிறார், மகிமையோடு வருகிறார், அதை நேற்றும் நம்பினேன், இன்றும் நம்புகிறேன். இரண்டாம் ஜாமமா மூன்றாம் ஜாமமா என்று அந்த உவமையிலுள்ள வேலைக்காரர்களுக்கே தெரியாது. விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு அவரவர் வேலையில் இருந்தார்கள், அவ்வளவுதான். படத்தின் அடியில் 'அளவுப்படி அல்ல' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆபீசில் ட்ரேசர் கையெழுத்துக்கு ஒரு மூலை உண்டு. இதில் அதுவரை நான் போட்டிருக்கவில்லை.

ஒரு படத்தைப் பாழாக்கிவிட்டு இவ்வளவு நிமிர்ந்து நடந்து வந்தது இதுதான் முதல் தடவை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் டென்சில் சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் நின்றான். கண் சிவந்திருந்தது.

"ரெண்டு வாரமா நான் செத்துட்டு இருந்தேன். நீ குழம்பு ஊத்திட்டு இருந்தே. இனிமே நீ போட்ட எதையும் நான் நம்பமாட்டேன்."

நியாயம்தான்.

29 ஜனவரி, திங்கள்

பிரசங்கியார் ஞானாபரணத்துக்குத் தங்கவயல் விலாசத்துக்குக் கடிதம் போட்டேன். நடந்ததை நடந்தபடி. அவர் பொய்யர் இல்லை. என் கோட்டை நம்பியவர், டென்சிலைப் போலவே.

31 ஜனவரி

டென்சில் பேசவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போகிறான்.

கோமளம் சொன்னதைச் சொல்லிவிடலாமா? ஐந்துக்குள் போ, போடா, அவள் காத்திருக்கிறாள் — ஒரே வரி. வாக்குக் கொடுத்திருக்கிறேன். வாக்கு என்று அவன் பயந்தானே, இப்போது எனக்கும் புரிகிறது அதன் கனம்.

1 பிப்ரவரி, வியாழன்

பாகீரதி நாளையிலிருந்து லீவு. ஐந்தாம் தேதிவரை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது என்று அவள் மாமனார் உத்தரவு. போகும்போது என் மேசையருகே வந்தாள். "அழிஞ்சு போலேன்னா செவ்வாய்க்கிழமை பாக்கலாம் பெட்டி" என்றாள், பாதி விளையாட்டாக. அவள் பாதிப் பயத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. அதே பயத்துக்கு அளவுகோல் கொடுத்தவள் நான்.

டென்சில் இன்னும் போகவில்லை. துணிக் கணக்குதான் என்று தெரிந்த பிறகும் ஏன் போகவில்லை? மனதுக்குள் இன்னும் பயமா, அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்ற வெட்கமா? அவன் என்னிடம் பேசினால்தானே தெரியும்.

3 பிப்ரவரி, சனி

கிரகம் கூடுகிற நாள் இன்று தொடங்குகிறது. மாஸ்க் ரோட்டில் பாதிக் கடை சாத்தியிருக்கிறது. காலையில் டென்சில் சவரம் செய்துகொண்டு, கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டான். எங்கே என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. பஸ் ஓடவில்லை, நடந்து போனான். கோல்ஸ் பார்க் பக்கம் திரும்பினான். மர்பி டவுனுக்கும் அதுதான் வழி, ஸ்டேஷனுக்கு அது வழியில்லை.

மூன்று மணிக்கு வந்தான். சோறு போட்டேன், சாப்பிட்டான். கை கழுவிய பிறகு, கோமளம் வீட்டுக்கும் போதகர் வீட்டுக்கும் போய்விட்டு வந்ததாகச் சொன்னான். ஒரு வாரத்தில் என்னிடம் பேசிய முதல் பேச்சு. அவள் என்ன சொன்னாள் என்றேன். தேதி என்னவென்று கேட்டாளாம். மூன்று என்றானாம். சரி என்றாளாம். அவனுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அடுப்பங்கரைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன், சந்தோஷத்தில்தான்.

4 பிப்ரவரி, ஞாயிறு

ஆலயத்தில் நிற்க இடமில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். எல்லா முகத்திலும் பயம். மூன்றாம் ஓலை வாசித்துத் தடை உண்டா என்று போதகர் கேட்டதும் டென்சில் எழுந்தான்.

"தடை சொன்னது நான்தான் ஐயா. எடுத்துக்கறேன். ஆண்டவர் நாளைக்கே வந்தாலும் சரி, நான் கோமளத்துக்குச் சொன்ன சொல்லோடதான் அவர் முன்னாடி நிப்பேன்."

இத்தனை கூட்டத்தில், இன்றைக்கு. என் தம்பி. நான் ஆறு வருடமாகக் கரும்பலகையில் எழுதிச் சொல்லிக்கொடுத்ததை அவன் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தான், அதுவும் என்னைவிட நன்றாக. பெண்கள் பக்கத்தில் கோமளம் நேராகப் பார்த்தபடியே இருந்தாள். முக்காட்டை மட்டும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். சிரிக்கிறாள் என்று பக்கத்திலிருந்த எனக்கு மட்டும் தெரிந்தது.

5 பிப்ரவரி, திங்கள்

ஆபீசில் பாதி நாற்காலி காலி. ஒரு பம்ப் படத்தை முடித்தேன், பிசகில்லை. சாயங்காலம் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மேற்கே பார்த்தேன். மேகமே இல்லை, துடைத்துவிட்ட மாதிரி வானம். இன்று ஆண்டவர் வந்திருந்தால் ட்ராயிங் போர்டில் குனிந்தபடி என்னைக் கண்டிருப்பார். அதில் எனக்கு வெட்கம் ஒன்றுமில்லை. வராதது குறித்து நெஞ்சில் ஒரு சின்ன ஏமாற்றமும் இருந்தது, எழுதி வைக்கிறேன்.

6 பிப்ரவரி, செவ்வாய்

பாகீரதி வேலைக்கு வந்துவிட்டாள். மைசூர்பாகு கொண்டுவந்தாள்.

தங்கவயலிலிருந்து ஒரு கார்டு. "சகோதரிக்கு ஸ்தோத்திரம். உங்கள் கடிதத்தை வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நானே வாசித்துக் காட்டினேன். அளக்கும் முன் உங்களைக் கேட்டிருக்க வேண்டும், அது என் குற்றம். ஞானாபரணம்." கூட்டத்தின் முன்னால் என் கடிதத்தை வாசித்துத் தன் பிரசங்கத்தைத் தானே மறுத்திருக்கிறார் அந்த மனிதர். கார்டைப் பைபிளுக்குள் வைத்தேன்.

7 பிப்ரவரி, புதன்

கல்யாணம் முடிந்தது. கோமளத்தின் வெள்ளைப் புடவை, அவளே பின்னிய லேஸ். சாகும்வரை என்ற இடத்தில் டென்சில் குரலை உயர்த்திச் சொன்னான். பின்வரிசைவரை கேட்டிருக்கும்.

ஆசீர்வாதம் முடிந்ததும் பதிவேட்டில் கையெழுத்துப் போட ஆலயத்தின் பக்க அறையான வெஸ்ட்ரிக்குள் போனார்கள். அவர்கள் வெளியே வருவதற்காக ஆலயத்தில் எல்லோரோடும் நின்றிருந்தேன். மணமக்கள் கையெழுத்துப் போட்ட பிறகு இரண்டு சாட்சி வேண்டும். கோமளத்தின் அப்பா ஒருவர். இன்னொருவர் டென்சிலின் ஸ்டேஷன் மாஸ்டர் என்று முன்பே பேச்சு, அவர் கோட்டும் தொப்பியுமாக வந்து காத்திருந்தார். கதவு திறந்து டென்சில் தலையை நீட்டினான். ஸ்டேஷன் மாஸ்டரைத் தாண்டி என்னைப் பார்த்தான்.

"அக்கா, நீ வந்து போடு. சாட்சிக்கு உன் கையெழுத்துதான் எனக்கு வேணும்."

உள்ளே போனேன். போதகர் பேனாவைத் தந்தார், முதல் சாட்சிக்கான இடத்தை விரலால் காட்டினார். கோமளம் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு எனக்கு இடம்விட்டு நகர்ந்தாள். பேனாவை வாங்கி எழுதினேன். பதினான்கு வருடம் பிசகாத கை. பெ-யின் கொம்பு ஒரு பக்கம் போனது, ட்டி இன்னொரு பக்கம் சரிந்தது. திருத்த வேண்டுமா என்று கேட்பதுபோல் போதகர் பார்த்தார். வேண்டாம், அது சரியாகத்தான் இருக்கிறது என்றேன்.